மூட்டைச் சீட்டும் விதையின் சாட்சியும்

சுங்கைப்பட்டாணியிலோ கூலிமிலோ காலைச் சந்தையில் விற்கும் தௌஃபூவுக்குப் பெரும்பாலும் பொட்டலம் கிடையாது. தண்ணீர்த் தொட்டியில் கிடக்கும் வெள்ளைக் கட்டியை எடுத்து பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுப்பார்கள். அதை பீடோங்கிலோ பாடாங் செராயிலோ ஒரு வீட்டில் மஞ்சளும் மிளகாய்த்தூளும் போட்டுப் பிரட்டினால் அது நம் சமையலாகிவிடும். தெம்பே சம்பாலும் அப்படி வந்ததுதான். புரட்டாசிச் சனிக்கிழமையிலும் தைப்பூச விரதத்திலும் சைவ மட்டன், சைவக் கோழி என்று பந்தியில் பரிமாறுவதில் பெரும்பகுதி சோயாப் புரதமே. தோட்டத்து லயங்களை விட்டுத் தாமான் வீடுகளுக்கு வந்த இரண்டு தலைமுறையில், பருப்புக்குப் பக்கத்தில் சோயாவும் ஓர் அன்றாடப் பண்டமாகிவிட்டது. ஆனால் கெடா மண்ணில் சோயா விளைவதில்லை. இங்கே விளைவது மூடா நீர்ப்பாசனத்து நெல்லும் பால்மரமும் செம்பனையும்தான். சோயா கப்பலில் வருகிறது. அமெரிக்கா, பிரேசில், அர்ஜென்டினா ஆகிய மூன்று நாடுகளும் உலகச் சந்தைக்கு அனுப்பும் சோயாவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மரபணு மாற்றிய விதையில் விளைந்தது. மனிதர் உண்பதற்கென்று தனியாகப் பிரித்து அனுப்பும் மரபணு மாற்றாத சோயாவும் உண்டு; தௌஃபூ செய்வோரில் பலர் அதைத்தான் வாங்குகிறார்கள் என்று வணிகர்கள் சொல்வதில் பொய் இருக்க வேண்டியதில்லை. ஆனால் தொட்டியில் கிடக்கும் கட்டி எந்த மூட்டையிலிருந்து வந்தது என்பதை வாங்குகிறவர் எப்படி அறிவார்?

சட்டப்படி அவர் அறிந்திருக்க வேண்டும். மலேசியாவின் 1985-ஆம் ஆண்டு உணவு ஒழுங்குமுறை விதிகளில் 2010-இல் ஒரு திருத்தம் அரசிதழில் வெளியானது. முதலில் 2012 என்று நாள் குறிக்கப்பட்டு, பிறகு தள்ளிவைக்கப்பட்டு, 2014 ஜூலையில் அது நடப்புக்கு வந்தது. உணவில் சேரும் ஒரு மூலப்பொருளில் மரபணு மாற்றியது 3 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் லேபலில் அதைச் சொல்ல வேண்டும். அதற்குக் கீழே இருந்து, அதுவும் தவிர்க்க முடியாமல் தற்செயலாகக் கலந்ததாக இருந்தால் சொல்ல வேண்டியதில்லை. மலாய் மொழியில் 'டியூபா சுவாய் கெனேதிக்' என்ற சொற்கள் அந்த லேபலின் அடையாளம். கோலகெட்டிலில் ஒரு மளிகைக் கடையின் தட்டு முழுவதையும் புரட்டிப் பார்த்தாலும் அந்தச் சொற்களைக் காண்பது அரிது. அதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். அந்தப் பொட்டலங்களில் உள்ள சோயாவும் சோளமும் உண்மையிலேயே 3 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கலாம். அல்லது யாரும் பார்க்காததால் யாரும் எழுதாமல் இருக்கலாம். எது உண்மை என்பதை ஊகித்துச் சொல்லத் தேவையில்லை, சோதித்துச் சொல்லிவிடலாம். அந்தச் சோதனை முப்பது ஆண்டுகளாக உலகில் இருக்கிறது, நம் நாட்டிலும் இருக்கிறது.

கோவிட் காலத்தில் மூக்கில் குச்சியை விட்டு எடுத்த மாதிரியை எந்தச் சோதனைக்கு அனுப்பினார்களோ, அதே பி.சி.ஆர். சோதனைதான் இதுவும். 1983-இல் கேரி மல்லிஸ் கண்ட வழி; 1993-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு வாங்கிக் கொடுத்தது. தௌஃபூவை மசித்து, கொழுப்பையும் புரதத்தையும் நீக்கி, மிஞ்சும் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுப்பார்கள். 95 பாகை வெப்பத்தில் டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் பிரியும். சூட்டைக் குறைத்தால், நாம் தேடும் வரிசைக்கென்றே செய்த சிறு துண்டுகள் போய் ஒட்டிக்கொள்ளும். மறுபடி சூட்டை ஏற்றினால் ஒரு நொதி அங்கிருந்து புது இழையை நெய்யும். ஒரு சுற்றில் ஒன்று இரண்டாகும். முப்பது சுற்றில் அது நூறு கோடியைத் தாண்டும். தேடும் வரிசை அங்கே இல்லாவிட்டால் எத்தனை சுற்றுக்குப் பிறகும் எதுவும் பெருகாது. சோயாவின் மரபுத்தொகுதி ஏறத்தாழ 110 கோடி எழுத்துகள் கொண்டது. அதில் நூறு எழுத்து நீளமுள்ள ஒரே ஒரு வரிசையை இப்படிக் கண்டுவிடலாம். 1996-இல் அமெரிக்க வயலுக்கு வந்த முதல் ரவுண்டப் ரெடி சோயாவில் மண் பாக்டீரியா ஒன்றின் மரபணுவை வைத்திருக்கிறார்கள். களைக்கொல்லி அடித்தால் களை கருகும், அந்தச் செடி பிழைக்கும். அந்த மரபணுவை இயக்க, காலிஃபிளவரைத் தாக்கும் வைரஸ் ஒன்றிலிருந்து எடுத்த '35எஸ்' என்ற இயக்கியை முன்னால் பொருத்தினார்கள். பல பயிர்களில் இதே இயக்கி இருப்பதால், ஆய்வுக்கூடம் முதலில் தேடுவது அதைத்தான். கிடைத்தால் அடுத்த கட்டமாக, மரபணு மாற்றிய வரிசை எத்தனை, எல்லாச் சோயாவிலும் இருக்கும் லெக்டின் மரபணு எத்தனை என்று எண்ணி விகிதம் காண்பார்கள். அந்த விகிதத்தை வைத்தே 3 விழுக்காட்டுக்கு மேலா கீழா என்று தீர்ப்பார்கள்.

இதைச் செய்ய மலேசியாவுக்கு ஆள் இல்லை, அறிவு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. புத்ரா மலேசியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்நாட்டுக் கடைகளில் விற்கும் பதப்படுத்திய உணவில் மரபணு மாற்றிய சோயாவை பி.சி.ஆர். வழியே கண்டு, 2006-இல் அனைத்துலக ஆய்விதழில் வெளியிட்டிருக்கிறார்கள். அதாவது லேபல் விதி வருவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே. மலேசிய வேதியியல் துறைக்கும் இந்தச் சோதனை தெரியும். ஹலால் பற்றிய அக்கறை இந்த நாட்டில் டி.என்.ஏ. சோதனையை வெகுவாக வளர்த்திருக்கிறது. ஒரு சாக்லேட் கட்டியில் பன்றியின் டி.என்.ஏ. இருக்கிறதா என்று தேடும் அதே கருவியில், தேடும் துண்டை மட்டும் மாற்றினால் சோயாவைத் தேடலாம். ஒரு சமூகத்தின் உணவு நம்பிக்கைக்காக அரசு அவ்வளவு நுட்பமாகச் சோதிக்கிறது. அது சரியான செயல், பாராட்ட வேண்டிய செயல். அதே நுட்பத்தைத் தன் கையால் எழுதிய இன்னொரு விதிக்காகவும் அரசு செலவிட வேண்டும் என்று கேட்பது அதிகம் ஆகாது.

சாக்லேட் என்றதும் 2014 மே மாதம் நினைவுக்கு வரும். கேட்பரி நிறுவனத்தின் இரண்டு வகைச் சாக்லேட்டுகளில் பன்றி டி.என்.ஏ. இருந்ததாகச் சுகாதார அமைச்சு அறிவித்தது, நாடே கொதித்தது. ஜூன் தொடக்கத்தில் இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிம், ஆலையிலிருந்து நேரடியாக எடுத்த 11 மாதிரிகளில் அப்படி எதுவும் இல்லை என்று அறிவித்தது. 'பார்த்தீர்களா, டி.என்.ஏ. சோதனையை நம்ப முடியாது' என்பவர்கள் அன்றிலிருந்து இதையே எடுத்துக்காட்டுகிறார்கள். அந்த நிகழ்ச்சியை நான் வேறு விதமாகப் படிக்கிறேன். இரண்டு சோதனைகளும் வெவ்வேறு மாதிரிகளைப் பார்த்தன; ஒன்று கடைத்தெருவைக் கடந்து வந்தது, மற்றொன்று ஆலையிலிருந்து வந்தது. ஒன்றை நூறு கோடியாக்கும் கருவிக்கு, வழியில் ஒட்டிய தூசியும் நூறு கோடியாகவே தெரியும். ஆகவே மாதிரியை யார் எடுத்தார், எங்கே எடுத்தார், எப்படி முத்திரையிட்டார், எத்தனை முறை திரும்பச் சோதித்தார் என்பதெல்லாம் கருவியின் அளவுக்கே முக்கியம். சாட்சி சொன்னதைக் கேட்குமுன் சாட்சி நின்ற இடத்தைக் கேட்க வேண்டும். அதற்காகச் சாட்சியையே கூப்பிட வேண்டாம் என்று யாரும் வழக்கை மூடிவிடுவதில்லை.

சாட்சிக்குக் குறைகள் உண்டு, அவற்றை ஒளிக்க வேண்டியதில்லை. 35எஸ் வரிசை காலிஃபிளவர் வைரஸிலிருந்து வந்தது. நோய் பிடித்த காலிஃபிளவரோ கடுகுக் குடும்பத்துக் கீரையோ சேர்ந்த உணவில், மரபணு மாற்றம் எதுவும் இல்லாமலேயே அது தென்படலாம். அதனால் முதல் சோதனையில் கிடைத்ததை மட்டும் வைத்து யார் மீதும் குற்றம் சாட்டக்கூடாது. எதிர்ப்பக்கமும் உண்டு: 2009-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த இரண்டாம் தலைமுறை ரவுண்டப் ரெடி சோயாவில் காலிஃபிளவர் வைரஸின் இயக்கியே கிடையாது. வேறு மூலங்களிலிருந்து எடுத்த இயக்கியைப் பொருத்தியிருக்கிறார்கள். பழைய பட்டியலை வைத்துத் தேடும் ஆய்வுக்கூடம் அந்தச் சோயாவைக் கையில் வைத்துக்கொண்டே 'இல்லை' என்று எழுதிக்கொடுத்துவிடும். சமையலும் ஒரு தடை. தௌஃபூவிலும் சோயா மாவிலும் டி.என்.ஏ. நன்றாகவே தங்கும். மாதக்கணக்கில் ஊறிப் புளித்த கீச்சாப்பில் அது பொடிப்பொடியாகிவிடும். சுத்திகரித்த எண்ணெயில் மிகக் குறைவாகவே மிஞ்சும். டின்னில் அடைத்து நீண்ட நேரம் வேகவைத்த பண்டத்தில் நீளமான வரிசையைத் தேடினால் கிடைக்காது. குட்டையான வரிசையைத் தேடத் தெரிந்தவருக்குக் கிடைக்கும்.

நம் விதியின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது. புதிய டி.என்.ஏ.வும் புரதமும் போய்விடும் அளவுக்குச் சுத்திகரித்த எண்ணெய், சர்க்கரை, சோளச்சாறு போன்றவற்றுக்கு லேபல் வேண்டாம் என்று மலேசிய வழிகாட்டி விலக்குக் கொடுக்கிறது. கண்டுபிடிக்க முடியாததை எழுதச் சொல்லி என்ன பயன் என்பது அதன் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதன்படி, ஒரு பண்டம் எங்கிருந்து வந்தது என்ற உண்மை ஆலையில் எவ்வளவு கொதித்தது என்பதைப் பொறுத்து மாறிவிடுகிறது. இந்தியாவில் டெல்லியைச் சேர்ந்த அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 2018-இல் 65 உணவுப் பண்டங்களைச் சோதித்தது. 21-இல் மரபணு மாற்றம் தென்பட்டது. இறக்குமதியான 35-இல் 16, உள்நாட்டில் ஆன 30-இல் 5. சிக்கியவற்றில் சமையல் எண்ணெய்களும் இருந்தன. இந்தியாவில் சட்டப்படி விளையும் ஒரே மரபணு மாற்றுப் பயிர் பருத்தி. அதன் விதை எண்ணெயும் அந்தப் பட்டியலில் வந்தது. 'எண்ணெயில் எதுவும் மிஞ்சாது' என்பது ஆலைக்கு ஆலை மாறும் ஒரு நிலை. அதை ஒரு விதியின் அடித்தளமாக வைப்பது சரியாகாது. அந்த ஆய்வு வெளியான மூன்று ஆண்டுக்குள், 24 வகை இறக்குமதிப் பயிர்களுக்கு மரபணு மாற்றாதது என்ற சான்று வேண்டும், தற்செயல் கலப்பு 1 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்தது. அந்தச் சோதனைக்கு மாதிரி வாங்கியது அரசு இல்லை, ஒரு பொதுநல அமைப்பு என்பதைக் கவனிக்க வேண்டும். 2000-இல் அமெரிக்காவில் கால்நடைத் தீவனத்துக்கு மட்டும் அனுமதித்த ஸ்டார்லிங்க் சோளம் மனிதர் உண்ணும் டாக்கோ அப்பளங்களில் இருப்பதைக் காட்டியதும் பொதுநலக் குழுக்கள் தனியார் ஆய்வுக்கூடத்துக்குக் கொடுத்த மாதிரிகள்தான். அதன்பின் நூற்றுக்கணக்கான பண்டங்கள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன.

ஐரோப்பிய ஒன்றியம் 2003-இல் வேறு வழியை எடுத்தது. அங்கே டி.என்.ஏ. மிஞ்சினாலும் மிஞ்சாவிட்டாலும், மரபணு மாற்றிய சோயாவில் ஆட்டிய எண்ணெய்க்கு லேபல் வேண்டும். எப்படித் தெரியும்? தாள் சொல்லும். விற்றவர் யாரிடமிருந்து வாங்கினார், யாருக்குக் கொடுத்தார் என்ற பதிவை ஒவ்வொரு கையும் ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். டி.என்.ஏ. சோதனை அந்தத் தாள் பொய் சொல்கிறதா என்று இடையிடையே பார்க்கும். வழக்கைத் தாள் நடத்துகிறது, விதை சாட்சி சொல்கிறது. நாமோ சாட்சியையே முழு வழக்காக்கி வைத்திருக்கிறோம். சாட்சியைக் கூப்பிடும் நாளும் எப்போதென்று தெரிவதில்லை. நான் சொல்ல வந்தது இதுதான்: கெடாவின் கடைத்தட்டில் அந்த லேபலுக்குப் பொருள் வர வேண்டுமானால், பட்டர்வொர்த் துறைமுகத்தில் இறங்கும் மூட்டையிலிருந்து சந்தைத் தொட்டி வரை தாள் கூடவே வர வேண்டும், அந்தத் தாளைச் சோதிக்க, தோட்டப்புறக் கடைகளிலிருந்தே மாதிரி எடுத்துப் பார்த்து, முடிவைப் பெயரோடும் நாளோடும் எல்லாரும் காண வெளியிட வேண்டும்.

'பாதுகாப்பானது என்று அறிவியல் சொல்லிவிட்டதே, பிறகு லேபல் எதற்கு? மக்களை வீணாக அச்சுறுத்துவதற்கா?' என்பது முதல் மறுப்பு; மிக வலுவானதும் அதுதான். உலகச் சந்தையில் இன்று இருக்கும் மரபணு மாற்று உணவுகள் பாதுகாப்புச் சோதனைகளைத் தாண்டி வந்தவை, அவற்றை உண்டதால் மனிதருக்குத் தீங்கு நேர்ந்ததாகக் காட்டப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. அதை மறுக்க எனக்கு எந்தச் சான்றும் இல்லை, மறுக்கவும் இல்லை. தௌஃபூ தின்றால் நோய் வரும் என்று புலனத்தில் பரப்புவோர் இந்த வழக்குக்குக் கெடுதலே செய்கிறார்கள். ஆனால் பாதுகாப்பு என்பது ஒவ்வொரு பயிருக்கும் தனித்தனியே பார்த்துச் சொல்வது. ஒரு மொத்தச் சீட்டு கிடையாது. 1990-களில் தீவனச் சோயாவின் சத்தைக் கூட்ட பிரேசில் கொட்டையின் மரபணு ஒன்றை அதில் வைத்தார்கள். அந்தக் கொட்டை ஒவ்வாத மனிதர்களின் குருதி, அந்தச் சோயாவுக்கும் அதே எதிர்வினையைக் காட்டியது. 1996-இல் முடிவு வெளியானது. அந்தச் சோயா சந்தைக்கு வரவே இல்லை. சோதனை முறை வேலை செய்ததற்கு அது நல்ல எடுத்துக்காட்டு. எந்த மரபணு எந்த உணவுக்குள் போகிறது என்பது ஒவ்வாமை உள்ள ஒரு பிள்ளையின் தாய்க்கு வெறும் கொள்கைப் பேச்சாக இருக்க முடியாது என்பதற்கும் அதுவே எடுத்துக்காட்டு.

இன்னொன்றும் இருக்கிறது, தோட்டத்து மக்களுக்கு இது நன்றாகவே விளங்கும். உலகில் விளையும் மரபணு மாற்றுச் சோயாவில் மிகப் பெரும்பகுதி களைக்கொல்லியைத் தாங்கச் செய்தது. எங்கோ ஒரு வயலில் அந்த மருந்து அடிக்கப்படுகிறது என்பது அதன் பொருள். முதுகில் தோம்பைச் சுமந்து மருந்தடித்தவர்கள் கெடாவின் தோட்டங்களில் பெரும்பாலும் நம் பெண்கள். நகம் கருத்ததையும் மூக்கில் இரத்தம் வடிந்ததையும் கண் எரிந்ததையும் அவர்கள் சொன்னபோது நெடுநாள் யாரும் எழுதிவைக்கவில்லை. தெனாகானித்தா அமைப்பும் பூச்சிமருந்து எதிர்ப்பு வலையமைப்பும் 2002-இல் அதைப் பதிவு செய்தன. அந்த மருந்துகளில் ஒன்றான பாராகுவாட் களைக்கொல்லிக்கு அந்த ஆண்டே தடை அறிவித்த அரசு 2006-இல் அதைத் தளர்த்தியது. முழுத் தடை வர 2020 ஆனது. தாங்கள் அடித்த மருந்தின் பெயரைப் போத்தலில் படிக்க முடியாமல் வேலை செய்த ஒரு தலைமுறை, தன் பேரப்பிள்ளையின் தட்டில் இருப்பது எப்படி விளைந்தது என்று கேட்டால் அதை அறியாமை என்று தள்ளுவது நியாயமாகாது. உடல்நலம் ஒரு காரணம். விளைந்த முறை, வாங்குபவரின் மனம், விரதம், நம்பிக்கை ஆகியவையும் காரணங்களே. ஹலால் முத்திரை முதலில் பேசுவது நம்பிக்கையைப் பற்றி. ஆனாலும் அதை யாரும் வீண் என்று சொல்வதில்லை.

செலவு என்பது அடுத்த மறுப்பு. சந்தையில் ஒரு கட்டியைச் சில காசுக்கு விற்கும் சிறு தௌஃபூ ஆலையின் தலையில் ஆய்வுக்கூடக் கட்டணத்தை ஏற்றினால் அவர் கடையை மூட வேண்டியதுதான்; பெரிய நிறுவனம் அந்த இடத்தைப் பிடிக்கும். இந்த அச்சம் உண்மையானது. அதனால்தான் சோதனையைவிடத் தாளை முன்னால் வைக்கச் சொல்கிறேன். சோயா நாட்டுக்குள் வருவது ஒரு சில இறக்குமதியாளர் வழியே. அங்கே ஒரு கப்பலுக்கு ஒரு சோதனை என்றால் செலவு டன் கணக்கில் பரவி ஒன்றுமில்லாமல் போகும். சிறு ஆலைக்காரர் செய்ய வேண்டியது மூட்டையின் சீட்டை எடுத்து ஒரு கோப்பில் வைப்பது, தொட்டியின் மேல் ஓர் அட்டையில் 'மரபணு மாற்றாத சோயா' என்றோ 'மரபணு மாற்றிய சோயா' என்றோ எழுதுவது. மீன் எந்த ஊர் மீன் என்று எழுதித் தொங்கவிடும் சந்தைக்கு இது புதுமை இல்லை. கடைத்தட்டில் எடுக்கும் மாதிரிகளின் செலவை அரசு ஏற்க வேண்டும். மாவட்டச் சுகாதார அலுவலகங்கள் ஏற்கெனவே உணவு மாதிரி எடுக்கின்றன, அந்தப் பட்டியலில் இன்னொரு வரி கூடும். பீடோங் அருகே செமெலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் உயிரித் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். கெடா கடைகளின் தௌஃபூவையும் சோயா மாவையும் சைவ இறைச்சியையும் ஆண்டுக்கொருமுறை சோதித்து வெளியிடுவது அவர்களின் ஆய்வுப் பணியாகவே அமையலாம். சட்ட வழக்குக்கு அந்த முடிவு போதாது. அதற்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடம் வேண்டும். எங்கே தேட வேண்டும் என்று காட்டுவதற்குப் போதும். பினாங்கிலிருந்து பயனீட்டாளர் சங்கம் தமிழில் நெடுங்காலமாகச் செய்துவரும் எச்சரிக்கைப் பணிக்கு அப்படி ஒரு பட்டியல் கையில் கிடைத்தால் அதன் பயன் வேறு.

விலைவாசியில் திணறும் வீட்டுக்கு இது தேவையா என்று கேட்பவரும் உண்டு. வசதியுள்ளவர் இதை இப்போதே தீர்த்துக்கொண்டுவிட்டார். பேரங்காடியின் தனித் தட்டில் 'மரபணு மாற்றாதது' என்று அச்சடித்த சோயாப் பாலைக் கூடுதல் விலைக்கு வாங்குகிறார். அரசின் லேபல் விதி வேலை செய்யாத இடத்தில் அந்தத் தகவல் விலைக்கு விற்கும் சரக்காகிவிடுகிறது. நம் தோட்டங்களில் காய்க்கும் செம்பனை இன்றுவரை வணிக அளவில் மரபணு மாற்றாத பயிர்; அதன் எண்ணெயை வெளிநாட்டில் விளம்பரப்படுத்துவோர் அதை ஒரு சிறப்பாகவே எடுத்துச் சொல்கிறார்கள். ஐரோப்பாவில் ஒரு பிஸ்கட் வாங்குபவர் நம் பழக்குலையைப் பற்றித் தெரிந்துகொள்ள முடிகிறது. அந்தக் குலையை வெட்டியவர் தன் வீட்டுச் சோயாவைப் பற்றித் தெரிந்துகொள்ள முடிவதில்லை.

தாளுக்கு அவசரம் கூடியும் இருக்கிறது. 2021-இல் ஜப்பானில் மரபணுத் திருத்தம் செய்த ஒரு தக்காளி விற்பனைக்கு வந்தது. அதில் வைரஸின் இயக்கியோ பாக்டீரியாவின் மரபணுவோ மிஞ்சவில்லை. தக்காளியின் சொந்த மரபணுவில் ஓர் இடத்தை வெட்டித் திருத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அப்படித் திருத்திய சோயாவும் சோளமும் பல ஆய்வுக்கூடங்களில் வளர்கின்றன. நாளை அவை மாவாகவும் எண்ணெயாகவும் சுங்கைப்பட்டாணிக் கடைக்கு வரும்போது, தேடுவதற்கு 35எஸ் இருக்காது. இயற்கையில் தானாக நேர்ந்த மாற்றத்துக்கும் கத்தரித்து வைத்த மாற்றத்துக்கும் பி.சி.ஆர். கருவியில் வேறுபாடு தெரியாமலே போகலாம். அன்று அந்த விதையைப் பற்றிச் சொல்ல, துறைமுகத்தில் மூட்டையோடு வந்த சீட்டு ஒன்றுதான் இருக்கும்.